இல்லாத நாட்டுக்கு ராஜா... ஏமாந்தவர்களே வக்காலத்து வாங்கிய விநோதம்!

கில்லாடிகளின் கதை - 9

லண்டன், 1822. நிலம் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம். ஒரு ஏக்கர் வெறும் 2 ஷில்லிங் 3 பென்ஸ். அன்றைக்குக் கூலி வேலை செய்பவர் ஒருவரின் ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம் அது. ஒரு நாள் உழைப்புக்கு ஒரு ஏக்கர்!

நிலம் எங்கே இருக்கிறது? மத்திய அமெரிக்காவில், போயாய்ஸ் என்ற நாட்டில். வருஷத்துக்கு மூன்று போகம் மக்காச்சோளம் விளையும். ஒருநாள் வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ போனால், குடும்பமே ஒரு வாரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆற்று மணலில் தங்கம் கிடக்கும். தலைநகர் செயின்ட் ஜோசஃபில் அகலமான சாலைகள், வங்கி, நாடக அரங்கம், குவிமாடம் வைத்த தேவாலயம் என எல்லாம் தயார். ஆட்கள் வந்து குடியேற வேண்டியதுதான் பாக்கி.

இதில் ஒரே ஒரு சிக்கல். அப்படியொரு நாடே கிடையாது.

சென்ற வாரங்களில் பார்த்த கில்லாடிகள் பொருளை விற்றார்கள், பங்குகளை விற்றார்கள். இந்த வார நாயகர் கிரெகர் மெக்கிரெகர் ஒரு தேசத்தையே விற்றார். ஆனால், இந்தக் கதையில் என்னை உலுக்கியது அவர் ஏமாற்றிய விதம் அல்ல. ஏமாந்தவர்கள் உயிர் தப்பி ஊர் திரும்பிய பிறகு என்ன சொன்னார்கள் என்பதுதான். அதற்கு வருவதற்கு முன், ஆளைப் பார்த்துவிடுவோம்.

ஜன்னல் வழியே குதித்த ஜெனரல்

மெக்கிரெகர் 1786-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 16 வயதிலேயே காசு கொடுத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி ஆனார். அந்தக் காலத்தில் அது சட்டப்படி நடந்த விஷயம்தான். ஒரு கடற்படைத் தளபதியின் மகளைத் திருமணம் செய்துகொண்டார். 1811-ல் மனைவி இறந்ததும் மாமனார் வீட்டு ஆதரவும் போனது. அடுத்த ஆண்டே வெனிசுவேலாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

அங்கே ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. மெக்கிரெகர் அதில் சேர்ந்து ஜெனரலாக உயர்ந்தார். சிமோன் பொலிவாரின் உறவுக்காரப் பெண்ணான ஹோசெஃபாவைக் கைப்பிடித்தார். 1816-ல் எதிரிகள் துரத்தத் துரத்த, தன் படையை ஒரு மாதத்துக்கும் மேலாகக் காடு மேடெல்லாம் நடத்திப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அது நிஜமான சாதனை. ஆள் முழுக்க டூப் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல பொய்க்குள் எப்போதும் கொஞ்சம் நிஜம் இருக்கும்.

அதே ஆள் 1819-ல் போர்ட்டோ பெல்லோ என்ற ஊரைப் பிடித்தார். சில வாரங்களில் ஸ்பெயின் படை விடிகாலையில் திருப்பித் தாக்கியது. மெக்கிரெகர் ஜன்னல் வழியே குதித்துக் கடலுக்கு ஓடினார். தன் வீரர்களை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறித் தப்பினார். சிக்கிய அதிகாரி ஒருவர் பிறகு கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் மைக்கேல் ராஃப்டர், 1820-ல் மெக்கிரெகரைத் தோலுரித்து ஒரு புத்தகமே எழுதினார். அதாவது, 'இந்த ஆளை நம்பாதீர்கள்' என்ற எச்சரிக்கை போயாய்ஸ் விற்பனைக்கு வருவதற்கு முன்பே அச்சில் இருந்தது. நிலம் வாங்க வந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ரம்முக்கு வாங்கிய ராஜ்ஜியம்

1820 ஏப்ரல் 29. இன்றைய ஹோண்டுராஸ், நிகரகுவா நாடுகளின் கரையோரத்தில் 'மஸ்கிட்டோ கோஸ்ட்' என்று ஒரு பகுதி. பெயரைக் கேட்டதும் கொசு ஞாபகம் வந்தால், அது உங்கள் தப்பில்லை. அங்கே வாழ்ந்த மிஸ்கிட்டோ மக்களின் பெயரால் வந்த பெயர் அது. அவர்களுடைய மன்னர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் அகஸ்டஸ், மெக்கிரெகருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். 80 லட்சம் ஏக்கர். கேரளாவைவிடக் கொஞ்சம் சிறிய நிலப்பரப்பு. விலையாகக் கொடுத்தது ரம்மும் நகைகளும்.

ஆகவே, நிலம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பத்திரமும் இருந்தது. ஆனால், அந்தப் பத்திரத்தில் நாடு என்ற பேச்சே இல்லை. அரசப் பட்டமும் இல்லை. 1821-ல் லண்டனில் வந்து இறங்கியபோது மட்டும் மெக்கிரெகர் தன்னை 'போயாய்ஸின் கசீக்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கசீக் என்றால் அந்தப் பகுதிகளில் குலத் தலைவரைக் குறிக்கும் சொல். லண்டன்காரர்களின் காதில் அது இளவரசர் என்று விழுந்தது. விருந்துகளுக்கு அழைப்பு குவிந்தது.

355 பக்கப் பொய்

இனி நடந்ததுதான் மெக்கிரெகரின் கைவண்ணம். போயாய்ஸுக்கு ஒரு கொடி. மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றம். ராணுவத்துக்குப் பிரிவுவாரியாகச் சீருடை. லண்டனில் தூதரகம். ஸ்காட்லாந்து நகரங்களில் நிலம் விற்கும் அலுவலகங்கள். தெருவில் பாடித் திரிய போயாய்ஸ் பாட்டுகள்கூடத் தயாராகின.

உச்சம், 1822-ல் வந்த 355 பக்க வழிகாட்டிப் புத்தகம். எழுதியவர் கேப்டன் தாமஸ் ஸ்டிரேஞ்ச்வேஸ் என்று அட்டையில் இருந்தது. அப்படி ஒருவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மெக்கிரெகரோ அவருடைய ஆட்களோதான் எழுதியிருக்க வேண்டும். ஏற்கெனவே வெளிவந்திருந்த பழைய நூல்களின் தகவல்களோடு தங்கத்தையும் தலைநகரையும் சேர்த்துக் கலந்த கலவை அது.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பேசும்போது இன்னொரு நரம்பையும் தொட்டார். 1690-களின் இறுதியில் ஸ்காட்லாந்து பனாமாவின் டேரியன் பகுதியில் ஒரு குடியேற்றம் அமைக்க முயன்று, பெரும் பணத்தையும் ஏராளமான உயிர்களையும் இழந்திருந்தது. அந்த முயற்சியில் தன் முன்னோர் ஒருவரும் இருந்ததாகச் சொல்லி, அந்தப் பழைய காயத்தை ஆற்றுவதற்கு இதுதான் வாய்ப்பு என்பதுபோல் பேசினார். தோற்றுப்போன தாத்தாவின் கனவைப் பேரனுக்கு விற்பது எளிது.

படித்தவர்களும் ஏமாந்தது எப்படி?

'அவ்வளவு முட்டாள்களா அவர்கள்?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. அன்றைய சூழலைப் பாருங்கள்.

நெப்போலியனோடு நடந்த போர் 1815-ல் முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் அரசுப் பத்திரங்களின் வட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கையில் காசு வைத்திருந்தவர்கள் அதிக வட்டி எங்கே கிடைக்கும் என்று அலைந்தார்கள். அதே நேரத்தில் தென் அமெரிக்காவில் புதுப் புது நாடுகள் பிறந்துகொண்டிருந்தன. கொலம்பியா, சிலி, பெரு எல்லாமே 1822-ல் லண்டனில் கடன் பத்திரம் வெளியிட்டன. வட்டி 6 சதவிகிதம். நேற்றுவரை யாரும் கேள்விப்படாத நாடுகளுக்கு லண்டன் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் போயாய்ஸ் என்று இன்னொரு பெயர் சேர்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

1822 அக்டோபர் 23 அன்று போயாய்ஸ் அரசின் பெயரில் 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியானது. 100 பவுண்ட் பத்திரம் 80 பவுண்டுக்குக் கிடைத்தது. வட்டி அதே 6 சதவிகிதம். முழுத் தொகையும் உடனே வேண்டாம், முன்பணம் கொடுத்தால் போதும், மீதி தவணையில். லண்டனின் முன்னாள் மேயர் நடத்திய வங்கி இதை முன்னின்று விற்றது. பெரிய மனிதர் பெயர் இருக்கிறது, அச்சிட்ட புத்தகம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் கடலில் வாரக்கணக்கில் பயணம். எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள். நிலத்தைப் பார்த்தவர் எவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கரையில் காத்திருந்தது காடு

மெக்கிரெகர் பத்திரத்தை மட்டும் விற்றுவிட்டு நின்றிருந்தால், இது பணக்காரர்கள் பணத்தை இழந்த கதையாக முடிந்திருக்கும். அவர் ஆட்களையும் அனுப்பினார்.

1822 செப்டம்பரில் 'ஹோண்டுராஸ் பேக்கெட்' என்ற கப்பல் சுமார் 70 பேருடன் லண்டனிலிருந்து புறப்பட்டது. 1823 ஜனவரி 22 அன்று ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்திலிருந்து 'கென்னர்ஸ்லி காஸில்' கிளம்பியது. அதில் கிட்டத்தட்ட 200 பேர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். கசீக் நேரில் கப்பலேறி வாழ்த்தினார். ஸ்காட்லாந்திலிருந்து முதல் பயணம் என்பதால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை என்று அறிவித்தார். கைதட்டல் பறந்தது.

பயணிகள் தங்கள் சேமிப்பை எல்லாம் போயாய்ஸ் டாலராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டுகளை அச்சிட்டது பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் நோட்டுகளை அச்சிட்ட அதே கைகள். நோட்டு அசல் தரம். நாடுதான் போலி. சிலருக்குப் பதவிகளும் காத்திருந்தன. ஒருவருக்கு வங்கி நிர்வாகம். எடின்பரோவில் செருப்புக் கடை வைத்திருந்த ஒருவருக்கு, போயாய்ஸ் இளவரசியின் அதிகாரபூர்வக் காலணித் தயாரிப்பாளர் பதவி. கடையை மூடிவிட்டுக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார் அவர்.

மார்ச் 20-ஐ ஒட்டி, பிளாக் ரிவர் ஆற்றின் முகத்துவாரத்தில் கென்னர்ஸ்லி காஸில் நின்றது. துறைமுகத்தைத் தேடினார்கள். இல்லை. சாலை இல்லை, வங்கி இல்லை, தேவாலயம் இல்லை. முதல் கப்பலில் வந்தவர்கள் கரையோரத்தில் குடிசை போட்டு முடங்கிக் கிடந்தார்கள். அவர்களுடைய கப்பலைப் புயல் கடலுக்குள் அடித்துக்கொண்டு போயிருந்தது. அக்கம் பக்கத்தில் சில உள்ளூர்வாசிகள், தனியாகக் காலம் தள்ளிய அமெரிக்கர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் செயின்ட் ஜோசஃப்.

இத்தனைக்கும், அந்த ஆற்றங்கரையில் ஆங்கிலேயர்கள் ஏற்கெனவே ஒருமுறை குடியேறி வாழ்ந்து, 1780-களில் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். காடு மறுபடி வளர்ந்து அதை மூடியிருந்தது.

மழைக்காலம் வந்தது. காய்ச்சல் வந்தது. பாதிப் பேருக்கு விவசாயமும் தெரியாது, வீடு கட்டவும் தெரியாது. வங்கி வேலைக்கு வந்தவர் காட்டில் என்ன செய்வார்? அந்தச் செருப்புக் கடைக்காரர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

மே மாதம் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு கப்பல் இவர்களைக் கண்டது. அதில் இருந்த பெலீஸ் அதிகாரிதான், போயாய்ஸ் என்று ஒரு நாடே இல்லை என்று எடுத்துச் சொன்னவர். மிஸ்கிட்டோ மன்னரும் பத்திரத்தை ரத்து செய்துவிட்டார். மெக்கிரெகருக்குத் தான் எந்தப் பட்டமும் தரவில்லை, நிலத்தை விற்கவோ கடன் வாங்கவோ உரிமை கொடுக்கவும் இல்லை என்பது அவருடைய நிலை. அந்த மண்ணில் தலைமுறைகளாக வாழும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு மன்னர் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று லண்டனில் யாருக்கும் தோன்றவில்லை. தூர தேசத்து நிலம் என்றால் சும்மா கிடக்கும், வெள்ளைக்காரர் போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு ஊறிப்போன காலம் அது. மெக்கிரெகர் அந்த நினைப்பைத்தான் காசாக்கினார்.

இரண்டு கப்பல்களிலும் போனவர்கள் சுமார் 250 பேர். குறைந்தது 180 பேர் இறந்துபோனார்கள். பெலீஸுக்குக் கொண்டு சேர்த்த பிறகும் சாவு நிற்கவில்லை. பிரிட்டன் திரும்பியவர்கள் 50-க்கும் குறைவு.

பிள்ளைகளை இழந்தவர் எழுதிய புத்தகம்

1823 அக்டோபரில் அவர்கள் லண்டன் வந்து சேர்ந்ததும் பத்திரிகைகள் கொதித்தன. இப்போது என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மெக்கிரெகரின் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருக்கும், வழக்கு மேல் வழக்கு பாய்ந்திருக்கும் என்றுதானே?

நடந்தது வேறு. தப்பி வந்தவர்களில் சிலர், மெக்கிரெகர் மீது குற்றம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். உடன் வந்த ஆளுநர் ஹாலும் மற்ற ஏஜென்ட்டுகளும்தான் காரியத்தைக் கெடுத்தார்கள் என்றார்கள். ஜேம்ஸ் ஹேஸ்ட்டி என்பவர் மரம் அறுக்கும் தொழிலாளி. மனைவி, மூன்று குழந்தைகளோடு போனவர். இரண்டு குழந்தைகளை அங்கே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். ஊர் திரும்பி, தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அதிலும் பழி மெக்கிரெகர் மீது விழவில்லை.

இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் புதைத்த ஒருவர் எப்படி அந்த ஆளுக்காகப் பேச முடியும்? ஆனால், அவர் இடத்தில் நின்று யோசித்தால் வேறொன்று புரிகிறது. நாடு இருந்தது, ஏற்பாடுகள்தான் சொதப்பின என்றால், நடந்தது ஒரு விபத்து. நாடே இல்லை என்றால்? பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கப்பலேற்றியது அவர்தானே. அந்த உண்மையோடு ஒரு தகப்பன் எப்படித் தூங்குவார்?

மெக்கிரெகரைக் காப்பாற்றியது அவருடைய சாமர்த்தியம் மட்டுமல்ல. ஏமாந்தவர்களின் அவமானமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் அவருக்குக் கேடயமாக நின்றன.

குமாஸ்தாக்கள் கேட்ட கேள்வி

மெக்கிரெகர் அதற்குள் பாரிஸுக்குப் போய்விட்டார். அங்கேயும் அதே போயாய்ஸ், புதிய பார்ட்டி. இந்த முறை ஒரு சின்ன இடத்தில் இடறியது. ஒரு நாட்டுக்குப் போக பாஸ்போர்ட் கேட்டுப் பலர் விண்ணப்பிக்க, பிரெஞ்சு அதிகாரிகள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று விழித்தார்கள். விசாரணை தொடங்கியது. வங்கியாளர்களும் முதலீட்டாளர்களும் கேட்காத கேள்வியை பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்டுவிட்டது: 'இந்த நாடு எங்கே இருக்கிறது?' அந்த ஒரு கேள்வியால் பிரான்ஸிலிருந்து கிளம்பவிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

1825 டிசம்பரில் மெக்கிரெகர் கைதானார். ஆனால், 1826 ஜூலையில் விடுதலை. தண்டனை கிடைத்தது கூட்டாளி ஒருவருக்கு மட்டும். லண்டன் திரும்பி, 1830-களிலும் போயாய்ஸ் பத்திரங்களை விற்க முயன்றுகொண்டே இருந்தார். 1838-ல் ஹோசெஃபா இறந்ததும் வெனிசுவேலாவுக்குத் திரும்பினார். பழைய போர் வீரர் என்று அந்த நாடு அவருக்குக் குடியுரிமையும் ஜெனரல் பதவியும் ஓய்வூதியமும் கொடுத்தது. 1845 டிசம்பரில் கராக்கஸில் இறந்தார். ராணுவ மரியாதையோடு தேவாலயத்தில் அடக்கம்.

இன்னொரு ராஜா, இன்னொரு முடிவு

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 1877-ல் பிரான்ஸில் மார்க்கி தெ ரே என்ற பிரபு இதேபோல நிலம் விற்றார். ஒரு ஹெக்டேர் 5 ஃப்ராங்க். இடம், இன்றைய பப்புவா நியூ கினியாவில் உள்ள நியூ அயர்லாந்து தீவு. பெயர், புதிய பிரான்ஸ். ராஜா, அவரே. தான் விற்ற தீவில் அவர் கால் வைத்ததே இல்லை.

1880-ல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியிலிருந்து 300-க்கும் மேற்பட்ட ஏழை விவசாயிகள், தங்கள் அரசு எச்சரித்தும் கேட்காமல், அவருடைய கப்பலில் போனார்கள். அங்கேயும் காடு, காய்ச்சல், சாவு. ஆனால், அவர்கள் உண்மையை ஒப்புக்கொண்டு அந்த இடத்தை விட்டுக் கிளம்பினார்கள். 217 பேர் 1881 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அவர்களில் பலர் ஒன்றுகூடி, யாரும் விரும்பாத தரிசு நிலத்தைத் திருத்தி, திராட்சையும் பட்டுப்புழுவும் வளர்த்து, 'நியூ இத்தாலி' என்ற கிராமத்தை உருவாக்கினார்கள். மார்க்கிக்கு 1884-ல் பிரெஞ்சு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

முதலில் கேட்கக் கூடாத கேள்வி

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் 'பத்திரத்தைச் சரிபாருங்கள், இடத்தை நேரில் பாருங்கள்' என்ற பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் எடுத்துக்கொண்டது வேறு.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ அக்காவோ எங்காவது பணத்தைப் போட்டு இழந்திருப்பார்கள். நாம் கேட்கும் முதல் கேள்வி, 'படிச்ச ஆளு, எப்படி ஏமாந்தே?' அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வெளியே சொல்வதில்லை. 'கம்பெனி நல்ல கம்பெனிதான், நடுவில் இருந்த ஆள்தான் மோசம், பணம் வந்துடும்' என்று நமக்கும் சொல்லி, தனக்கும் சொல்லிக்கொள்வார்கள். ஹேஸ்ட்டி சொன்னதும் இதைத்தான். அவர்கள் வாயை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு நாளும், ஏமாற்றியவருக்கு இன்னொரு கப்பலை நிரப்பக் கிடைக்கும் நாள்.

எனவே, அப்படி யாராவது உங்களிடம் வந்து தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தால், 'எப்படி ஏமாந்தே?' என்று கேட்காதீர்கள். 'என்ன நடந்துச்சு, சொல்லு' என்று கேளுங்கள். அவர்கள் பேசினால்தான் அடுத்தவர் தப்பிப்பார்.

*அடுத்த வாரம்: 1925, பாரிஸ். பழைய இரும்பு வியாபாரிகளைக் கூப்பிட்டு ஈஃபிள் கோபுரத்தை எடைக்குப் போட்ட விக்டர் லஸ்டிக்! அந்தக் கதையிலும் ஏமாந்தவர் போலீஸுக்குப் போகவில்லை. ஏன் என்று இப்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும்!*